வாரன்டி பேட்டரிக்கா, பேருக்கா?
செஞ்சி வட்டாரப் பேட்டரிக் கடைக்காரர்களுக்கும் ஆட்டோ கன்சல்டிங் நடத்துவோருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களே, தம்பிகளே, கல்லாவில் உட்கார்ந்து பில் போடும் அக்காமார்களே,



செஞ்சியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் கார் பேட்டரி விற்பவர்கள் ஒரு தரப்பு. ஆட்டோ கன்சல்டிங் என்று போர்டு மாட்டிப் பழைய கார் வாங்கி விற்பவர்கள் இன்னொரு தரப்பு. இந்த மடல் இரு தரப்புக்கும் சேர்த்து எழுதப்படுகிறது. காரணம், செகண்ட் ஹேண்டில் கார் வாங்கியவனின் பேட்டரி ஒரு நாள் படுத்துவிட்டால், அவன் உங்கள் இருவருக்கும் நடுவேதான் அலைகிறான். வண்டி விற்ற இடத்தில் கேட்டால், "பேட்டரிக்கு நாங்க பொறுப்பில்ல, கடையில கேளுங்க" என்கிறார்கள். கடைக்குப் போனால், "கார்டு உங்க பேர்ல இல்லையே, வண்டி வித்தவர வரச் சொல்லுங்க" என்கிறார்கள். விற்றவர் சென்னையிலோ புதுச்சேரியிலோ இருப்பார்; அவருடைய போன் நம்பர்கூட வாங்கியவனிடம் இருக்காது. கடைசியில் அவன் ஐந்தாயிரமோ ஆறாயிரமோ எண்ணிக் கொடுத்துப் புது பேட்டரி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். பழைய பேட்டரியின் வாரன்டியில் பத்து மாதம் மீதி இருந்திருக்கும். அந்தப் பத்து மாதம் யாருக்கும் இல்லாமல் போகிறது.

நான் கேட்பது ஒன்றுதான். கார் கை மாறும்போது பேட்டரியின் மீதி வாரன்டியும் காரோடு போக வேண்டும். அதற்கு நிறுவனங்கள் மனம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பாதி வேலை உங்கள் மேசையிலேயே முடியக்கூடியது.

நம் பக்கத்தில் யார் பழைய கார் வாங்குகிறார்கள் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மார்க்கெட் கமிட்டியில் நெல் போட்ட பணம், மல்லாட்டை விற்ற பணம், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன பிள்ளை அனுப்பிய பணம் என்று சேர்த்துத்தான் அந்த வண்டி வாசலுக்கு வருகிறது. அமாவாசைக்கு மேல்மலையனூர், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை, முகூர்த்த நாளில் உறவினர் வீட்டுக் கல்யாணம் என்று ஓடும். இதையெல்லாம்விட முக்கியமாக, நடுராத்திரியில் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கோ ஜிப்மருக்கோ ஓட வேண்டிய வண்டியும் அதுதான். அந்த நேரத்தில் செல்ஃப் எடுக்காத காரை வெறும் எரிச்சல் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. முதல் ஓனரிடம் பெரும்பாலும் இன்னொரு வண்டி இருக்கும். இரண்டாம், மூன்றாம் ஓனரிடம் இருக்காது. வாரன்டி யாருக்கு அதிகம் தேவைப்படுகிறதோ, அவனிடம் வந்து சேரும்போதுதான் அது செல்லாமல் போகிறது.

வாரன்டியின் கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். ஒரு பேட்டரி 24+24 மாத வாரன்டியோடு விற்கப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 24 மாதத்துக்குள் உற்பத்திக் குறையால் பேட்டரி போனால் இலவச மாற்று. அடுத்த 24 மாதத்தில் போனால் புரோ ரேட்டா, அதாவது ஓடிய காலத்துக்குக் கழித்துக்கொண்டு புது பேட்டரி விலையில் ஒரு சலுகை. 18+18 என்றாலும் 36+36 என்றாலும் கணக்கு இதேதான். மாதம் கூடக் கூட விலையும் கூடும். அப்படியானால் முதல் ஓனர் வெறும் ஈயத்துக்கும் ஆசிட்டுக்கும் மட்டும் பணம் கொடுக்கவில்லை. 48 மாதப் பொறுப்புக்கும் சேர்த்தே கொடுத்திருக்கிறார். பதினான்காவது மாதத்தில் காரை விற்றால், அவர் பணம் கொடுத்து வாங்கிய 34 மாதப் பொறுப்பு எங்கே போயிற்று? பேட்டரிக்குள் எதுவும் மாறவில்லை. தகடும் அதே தகடு, ஆசிட்டும் அதே ஆசிட். மாறியது ஆர்.சி. புத்தகத்தில் ஒரு பெயர்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வண்டி விற்கும்போது கன்சல்டிங்கில் முதலில் சொல்லும் பெருமைகளில் பேட்டரியும் ஒன்று. "பேட்டரி புதுசு சார், போன வருஷம்தான் போட்டது. நாலு வருஷத்துக்குத் தொடவே வேணாம்." அந்தப் பேச்சுக்கும் விலையில் ஒரு பங்கு உண்டு. கொடுக்கும்போது நாலு வருஷம் என்று காசு வாங்கிவிட்டு, கேட்க வரும்போது கார்டில் பேர் இல்லை என்றால், இரண்டு பேச்சில் ஒன்று பொய்.

நிறுவனங்களின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதை மறைக்க நான் வரவில்லை. கார்டுக்குக் கார்டு விதி மாறும். முதலில் வாங்கியவருக்கு மட்டும், மாற்றித் தர முடியாது என்று சில கார்டுகளில் அச்சடித்தே இருக்கிறது. ஏன் என்று கேட்டால் காரணம் உண்டு. கார் பேட்டரியைக் கழற்றி வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டுகிறவர்கள் உண்டு. திருவிழாவில் மைக் செட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. ஓன் போர்டு கார் என்று பில் வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறவர்களும் உண்டு. கார் பேட்டரி என்பது ஒரு நொடியில் பெரிய கரண்ட் கொடுத்து செல்ஃப் மோட்டாரைச் சுற்றிவிட்டு, உடனே ஆல்டர்னேட்டரிடமிருந்து திரும்பச் சார்ஜ் ஏற்றிக்கொள்வதற்காகச் செய்தது. மணிக்கணக்கில் ஃபேனும் லைட்டும் ஓட்டினால் அது நாசமாகும். ஒரு வண்டிக்கு வாங்கியதை இன்னொரு வண்டிக்குப் போட்டுவிட்டு வாரன்டி கேட்கிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

ஆனால் இந்தத் தவறுகளில் எதையும் ஓனர் பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பேட்டரியின் சீரியல் நம்பரும் வண்டியின் பதிவு எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். பில்லில் டி.என். 32 என்றோ டி.என். 16 என்றோ எழுதிய வண்டியில் அதே சீரியல் நம்பர் பேட்டரி இருந்தால், அது வேறு வண்டிக்கு மாறவில்லை என்று நம்பலாம். வாடகை வண்டியாகப் பதிவானதா என்பதை நம்பர் பிளேட்டின் நிறம் சொல்லும். இன்வெர்ட்டரில் மாட்டி உறிஞ்சிய பேட்டரியை லோடு டெஸ்டரும் ஹைட்ரோமீட்டரும் ஓரளவு காட்டிக்கொடுக்கும். மோசடியைத் தடுக்கக் கருவி இருக்கும்போது பெயரைக் காட்டிக் கதவடைப்பது சோம்பேறித்தனம்.

கை மாறியதால் பொருளின் உறுதி போய்விடாது. நம் செஞ்சிக் கோட்டையே எத்தனை கை மாறியது! 1677இல் சிவாஜி பிடித்தார். 1698இல் முகலாயரிடம் போனது. 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். கோட்டை மதிலின் உறுதி கட்டியவருக்கு மட்டும்தான், பிடித்தவருக்குக் கிடையாது என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை.

வாரன்டி வண்டியோடு போவது புதுமையான கோரிக்கையும் இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆம் பிரிவு, கார் கை மாறினால் இன்சூரன்ஸ் சான்றிதழும் பாலிசியும் மாறிய தேதியிலிருந்தே புது ஓனர் பெயருக்குப் போனதாகக் கருதப்படும் என்கிறது. வாங்கியவர் 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவித்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். மூன்றாம் நபருக்கு ஏற்படும் பாதிப்புக்குத்தான் இந்தத் தானியங்கி மாற்றம் பொருந்தும், சொந்த வண்டிச் சேதத்துக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால்தான் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனாலும் அடிப்படை தெளிவாக இருக்கிறது: காகிதம் வண்டியோடு போகும், வாங்கியவர் குறித்த நாளுக்குள் தகவல் சொல்ல வேண்டும். லட்சக்கணக்கில் பணம் புரளும் இன்சூரன்ஸுக்கு இது முடியும் என்றால், ஐயாயிரம் ரூபாய்ப் பேட்டரிக்கு முடியாதா?

கார் நிறுவனங்களைப் பாருங்கள். புதுக் காருக்குக் கொடுக்கும் பொது வாரன்டியில் மீதிக் காலம் பெரும்பாலும் அடுத்த ஓனருக்கும் செல்லும். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னுசன் மாஸ் சட்டப்படி, ஒரு நிறுவனம் தன் வாரன்டியை 'முழு வாரன்டி' என்று அழைக்க வேண்டுமானால், அந்தக் காலத்துக்குள் பொருள் யார் கையில் இருந்தாலும் சேவை செய்தாக வேண்டும். முதலில் வாங்கியவருக்கு மட்டும் என்று சுருக்கினால், 'வரம்புள்ள வாரன்டி' என்று முகப்பிலேயே சொல்லிவிட வேண்டும். சுருக்குவதைச் சட்டம் தடுக்கவில்லை. சுருக்கியதை வாங்குபவரிடம் மறைக்க விடவில்லை.

மின்சாரக் கார்கள் வந்த பிறகு நம் நாட்டிலும் இந்தப் பேச்சு வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. 2024 செப்டம்பரில் வந்த எம்.ஜி. விண்ட்சர் காரின் பேட்டரிக்கு முதல் ஓனருக்கு ஆயுள் வாரன்டி. வண்டி கை மாறினால் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். மஹிந்திராவின் பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9இ கார்களும் முதல் தனிநபர் பதிவுக்கு ஆயுள் வாரன்டி என்றுதான் வந்தன. கை மாறினால் 10 ஆண்டு அல்லது 2 லட்சம் கிலோமீட்டர். இரண்டாம் ஓனருக்குக் குறைத்துக் கொடுப்பதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. மின்சாரக் காரின் விலையில் ஒரு பெரிய பங்கு பேட்டரிதான். இன்று சென்னையில் ஓடும் அந்த வண்டிகள் இன்னும் சில ஆண்டில் உங்கள் ஷெட்டுக்குத்தான் வரப்போகின்றன. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாம் ஓனருக்கு என்ன கிடைக்கும் என்பதை அவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் கணக்குத் தெரியும். ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே போய், 2027 பிப்ரவரி 18 முதல் மின்சார வாகனப் பேட்டரிகளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் கட்டாயம் என்று 2023லேயே சட்டம் செய்துவிட்டது. பேட்டரியின் ஜாதகம் ஓனரோடு போகாமல் பேட்டரியோடு இருக்கும். பானெட்டுக்கு அடியில் இருக்கும் நம் 12 வோல்ட் பேட்டரிக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு பில்லும் ஒரு கார்டும் போதும்.

இப்போது கன்சல்டிங் நடத்துபவர்களிடம் தனியாக ஒரு விஷயம்.

உங்கள் ஷெட்டில் நிற்கும் கார்கள் எத்தனை வாரம் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கின்றன? சாவியைக் கழற்றிவிட்டாலும் கடிகாரம், அலாரம், சென்ட்ரல் லாக், கணினிப் பெட்டி எல்லாம் துளித் துளியாகக் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். ஈய ஆசிட் பேட்டரி சார்ஜ் இறங்கிய நிலையில் நாள் கணக்கில் நின்றால், தகட்டின் மேல் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுப் படியும். அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. நம் ஊர்ச் சித்திரை வெயிலும் சேர்ந்தால் இந்தச் சேதம் இன்னும் வேகம் பிடிக்கும். சூடு கூடினால் பேட்டரிக்குள் நடக்கும் எல்லா வேதியியல் வேலையும் வேகம் எடுக்கும், தேய்மானமும் அதில் அடக்கம். வாங்க ஆள் வரும் காலையில் இன்னொரு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுத்து ஸ்டார்ட் பண்ணி நிறுத்திவிடுகிறீர்கள். அவன் ஓட்டிப் பார்க்கிறான், சந்தோஷமாகப் போகிறான். மூன்று மாதத்தில் பேட்டரி படுக்கிறது. கடைக்காரர் சோதித்துப் பார்த்து, "டீப் டிஸ்சார்ஜ் ஆகியிருக்கு, வாரன்டி கிடையாது" என்கிறார். அவர் சொல்வது உண்மைதான். பேட்டரியைக் கெடுத்தது வாங்கியவனும் இல்லை, நிறுவனமும் இல்லை. அது உங்கள் ஷெட்டில் நின்றபோதே கெட்டுவிட்டது.

இதற்கு மருந்து மலிவு. வண்டி வந்து நின்ற அன்றே நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவையுங்கள். ரேடியோ கோட் கேட்கும் வண்டியாக இருந்தால், அதை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை சார்ஜரில் போடுங்கள். வண்டி கொடுக்கும்போது வாங்குபவர் கண் முன்னால் மல்ட்டிமீட்டரை வையுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ், 12.4 என்றால் முக்கால்வாசி. 12க்குக் கீழே என்றால் பேட்டரி காலி. இன்ஜின் ஓடும்போது 13.8இலிருந்து 14.4க்குள் இருந்தால் ஆல்டர்னேட்டர் சரியாகச் சார்ஜ் செய்கிறது. இந்த எண்கள் வாங்குபவருக்குத் தெரிந்தால் உங்கள் பேர்தான் உயரும்.

பேட்டரிக் கடைக்காரர்களுக்கு என் வேண்டுகோள் நான்கு.

முதலாவது, பில்லிலும் கார்டிலும் வண்டியின் பதிவு எண்ணையும் பேட்டரியின் சீரியல் நம்பரையும் தவறாமல் எழுதுங்கள். பெயரை மட்டும் எழுதி, அதுவும் 'குமார், செஞ்சி' என்று விட்டுவிட்டால் முதல் ஓனருக்கே அது உதவாது. பில் கொடுக்காமல் கையில் கார்டை மட்டும் திணித்து அனுப்புவதும் நிற்க வேண்டும். வாங்கிய பொருளுக்கு பில் தராமல் இருப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம்.

இரண்டாவது, பெயர் மாறிய ஆர்.சி.யோடு ஒருவர் வந்தால், கார்டின் பின்பக்கம் புது ஓனர் பெயரையும் தேதியையும் எழுதிச் சீல் வையுங்கள். நிறுவனம் ஏற்குமா என்பது அடுத்த கேள்வி. உங்கள் பதிவில் வரலாறு இருக்கும். ஏற்கும் நிறுவனமாக இருந்தால் அந்த ஒரு சீல் அவனுடைய ஐயாயிரத்தைக் காப்பாற்றும்.

மூன்றாவது, வாரன்டி மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுங்கள். 'செல் டெட், ஆனால் முதல் ஓனர் இல்லை' என்றால் அப்படியே எழுதுங்கள். 'ஓவர்சார்ஜ், ஆல்டர்னேட்டர் பழுது' என்றால் அளந்த வோல்டேஜோடு எழுதுங்கள். வாயால் சொன்ன மறுப்பை வைத்துக்கொண்டு யாரிடமும் முறையிட முடியாது. மறுக்கப்பட்டவனின் கோபம் முழுக்க நிறுவனத்தின் மேல் போகாமல் உங்கள் கடை வாசலிலேயே கொட்டும்.

நான்காவது, வண்டிக்கேற்ற பேட்டரியைக் கொடுங்கள். சிக்னலில் இன்ஜின் தானாக நின்று தானாக ஸ்டார்ட் ஆகும் கார்கள் இப்போது செகண்ட் ஹேண்டில் நிறைய வருகின்றன. அவற்றுக்கு இ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகைப் பேட்டரி வேண்டும். ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று சாதாரணப் பேட்டரியை மாட்டிக் கொடுத்தால் அது சீக்கிரம் படுக்கும், வாரன்டியும் செல்லாது. அடுத்த ஓனர் தலையில் அது வந்து விடியும்.

இதையெல்லாம் செய்யாவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சட்டம். காசு வாங்கிக்கொண்டு கார் விற்கும் கன்சல்டிங்கிடம் வாங்கியவர் நுகர்வோர்தான். 'பேட்டரி வாரன்டி இருக்கு' என்று சொல்லி விற்றதற்கு அவர் பதில் கேட்கலாம். வாடகைக்குத் தானே ஓட்டிப் பிழைக்கும் டி போர்டு டிரைவரையும் சட்டம் நுகர்வோராகத்தான் பார்க்கிறது. விழுப்புரத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாங்கியவர் தான் குடியிருக்கும் இடத்திலிருந்தே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கும் பேசலாம். பேட்டரி நிறுவனத்தின் மேல் இரண்டாம் ஓனர் வழக்குப் போட்டால், 'நீங்கள் எங்களிடம் வாங்கவில்லை' என்ற வாதம் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குறையுள்ள பொருளால் வரும் பாதிப்புக்கு இழப்பீடு கேட்கும் உரிமையையும் 2019 நுகர்வோர் சட்டம் தந்திருக்கிறது. ஆனால் அது பேட்டரி வெடித்து ஆள் காயப்பட்டால் பேசும். பேட்டரி வெறுமனே செத்துப்போனால் பேசாது. இந்த ஓட்டையை அடைக்க வேண்டியது நிறுவனங்களும் அரசும். அதுவரை கையில் இருக்கும் ஒரே காப்பு, உங்கள் பில்லும் சீலும்தான்.

நிறுவனங்களின் ஏரியா மேனேஜர்கள் மாதா மாதம் உங்கள் கடைக்கு வருகிறார்கள். டார்கெட், ஸ்கீம் என்று பேசிவிட்டுப் போகிறார்கள். அடுத்த முறை வரும்போது இதையும் கேளுங்கள்: கார்டில் இரண்டாம் ஓனருக்கு என்ன என்று தமிழில், படிக்கும் அளவு எழுத்தில் அச்சடிக்கட்டும். தர முடியாது என்றால் அதையும் முகப்பில் போடட்டும். பார்த்துவிட்டு வேறு பேட்டரி வாங்குவதா வேண்டாமா என்று வாங்குபவர் முடிவு செய்வார். ஒரு கடை கேட்டால் சிரிப்பார்கள். செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை என்று எல்லாக் கடைகளும் சேர்ந்து கேட்டால் குறித்துக்கொள்வார்கள்.

கன்சல்டிங் அண்ணன்மார்களுக்குக் கடைசியாக ஒன்று. ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, இரண்டாவது சாவி என்று ஒரு கவர் கொடுக்கிறீர்கள். அந்தக் கவரில் பேட்டரி பில்லையும் வாரன்டி கார்டையும் சேருங்கள். வண்டியை முதலில் வாங்கும்போதே பழைய ஓனரிடம் கேட்டு வாங்கிவையுங்கள். புதுச்சேரி எண் வண்டியாக இருந்தால் என்.ஓ.சி. கேட்கும்போதே இதையும் கேளுங்கள். கார்டு இல்லை என்றால், 'பேட்டரிக்கு வாரன்டி இல்லை' என்று டெலிவரி நோட்டில் எழுதி, அதற்கேற்ப விலையைக் குறையுங்கள். தெரிந்து வாங்குபவன் திரும்பி வந்து சண்டை போடுவதில்லை.

பழைய கார் வாங்கப்போகும் என் ஊர்க்காரர்களுக்கும் ஒரு வரி: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பேட்டரி பில்லைக் கேளுங்கள். பில் இல்லாத 'புது பேட்டரி'க்கு ஒரு ரூபாய்கூடச் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
செஞ்சியிலிருந்து,
செகண்ட் ஓனர் ஒருவன்